ஊருக்குக் கேட்ட நெஞ்சு

இந்தச் சத்தம் எனக்குள்ளே இருக்கிறதா, நான் இதற்குள்ளே இருக்கிறேனா என்று அம்சம் நினைத்துக்கொண்டாள், யாரிடமும் கேட்கவில்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தில் இரும்பு வால்வு வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய நாளிலிருந்து அவள் நெஞ்சு அடிப்பது வாய்க்காலுக்கு அப்பால் கடைசி வயல்வரை கேட்டது. டக், டக் என்று, அவசரமில்லாமல். அந்த வருஷம் மேட்டூர் அணை நாள் தவறாமல் திறந்தது, உர விலை ஏறியது, அம்சத்தின் நெஞ்சு கேட்டது.

அதற்கு முன் ஊருக்குக் கேட்டது அவள் பாட்டு. நடவு வரிசையில் அவள் பாடுகிற வேகத்தில்தான் மற்றப் பெண்களின் கை சேற்றில் இறங்கும். கூலிச் சண்டை நடந்த வருஷங்களில் பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதத்தின் எரிச்சலெல்லாம் அவள் தொண்டைமேல்தான். பேசிய கூலி வராத நாளில் பாட்டு நத்தையாக ஊர்ந்தது. அவர் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கியபோது, பொழுது சாய்வதற்குள் அவர்களும் அந்தப் பாட்டுக்கே நட்டார்கள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டது என்று டாக்டர் பின்னால் சொன்னார். மூச்சு வாங்கி முதலில் பாட்டின் நீண்ட அடிகள் போயின, பிறகு குலவை, பிறகு படுத்துத் தூங்குவது. சுவரில் சாய்ந்தே இரவுகளைக் கழித்தாள்.

ஆபரேஷனுக்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிட்டு வரச் சொன்னார்கள். பல்லில் இருக்கும் கிருமி புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். பிடுங்கிக்கொண்டாள், வெற்றிலையையும் விட்டாள். ரத்தம் வேண்டும் என்றதும் அவள் புருஷன் காத்தானோடு நடவுப் பெண்கள் ரயிலேறினார்கள். கையை நீட்டிப் படுத்த ராமாயி, “எடுத்துக்க அக்கா. நாளைக்கு என்னையாட்டம் வாயாடியா எந்திரிச்சா மாமா பாடுதான் திண்டாட்டம்” என்றாள். மயக்கம் தெளிந்தபோது அம்சத்துக்கு அவர்கள் எல்லோருடைய இடுப்பு வலியும் ஒருசேரத் தெரிந்தது. நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் தலையாட்டிவிட்டு மாத்திரை கொடுத்தார்.

இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். குடம் தூக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அரிவாள் கீறினால் ரத்தம் நிற்காது. மாதாமாதம் தஞ்சாவூரில் ரத்தம் பார்க்காவிட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும். பாட்டு திரும்பவில்லை. குறுவை நடவில் வேறு யாரும் பாடவுமில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவளின் நெஞ்சுக்கே குனிந்து நட்டார்கள். வயலிலிருந்து ராமாயி மட்டும் கத்துவாள்: “அக்கா, வெரசா நடக்காத! எங்களுக்கு மூச்சு முட்டுது!”

ஒரு நாள் நாற்றங்காலில் மாடு புகுந்ததைப் பார்த்து அம்சம் பதறி எழுந்தாள். பதற்றம் அடங்குவதற்குள் பெண்கள் அந்த வயல் முழுவதையும் நட்டு முடித்து, நிமிர முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வரப்பில் குடையோடு நின்ற குஞ்சிதபாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் நடவுப் பெண்களின் தெருவுக்குள் வந்தார். வந்ததே அதுதான் முதல் தடவை. அவளை “வாங்க, போங்க” என்று பேசியதும் முதல் தடவை.

“நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். வரப்புல பந்தல் போட்டு நாற்காலி போடச் சொல்றேன். சும்மா உக்காந்தா போதும்.”

“சும்மா உக்கார பண்ணையில ஆளா இல்லைங்க?” என்றான் காத்தான்.

அவர் சிரிக்க முயன்றார். “நெஞ்சு கொஞ்சம் வெரசா அடிக்கணும், அவ்வளவுதான். காப்பி கீப்பி குடுத்தா அடிக்காதா? மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் பண்ணைக் காரே வரும். பஸ்ஸுல இடிபட வேணாம் பாருங்க.”

கார் என்றதும் அம்சத்துக்குப் போன மாதத்துப் பஸ் ஞாபகம் வந்தது. யாரோ ஒருவரின் முழங்கை தையலில் இடித்து, தஞ்சாவூர்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்தக் கார் அவளுக்கு வேண்டியிருந்தது. வேண்டும் என்று நினைத்த அந்த நேரமே ராமாயியின் இடுப்பு வலி அவள் இடுப்பில் ஏறியது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அது அவசரப்படவில்லை.

“வரலைங்க” என்றாள்.

அன்று ரத்தம் பார்க்கும் நாள். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வயலில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்ததால் மெதுவாகவே நடந்தாள்.