நகம் பதிகிற டயர்

எங்கள் வீட்டுக்காரர் ராமப்பன் ஒரு சாமான் வாங்கக் கிளம்பினால் கடைக்காரன்தான் முதலில் களைத்துப்போவான். கல்யாணமான புதிதில் ஒரு குடை வாங்க ஓசூர் பஜாரில் அரை நாள் என்னை நிற்க வைத்தவர். ஆனால் அந்த மனுஷன் மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர் காதில் விழாமல்தான் சொல்வேன். விழுந்தால் அடுத்த குடைக்கு முழு நாள் ஆகிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் ஊர் சானமாவுக் காட்டுக்கு அந்தப்புறம், ராயக்கோட்டை ரோட்டில். எனக்கு ஓசூர் சிப்காட்டில் கடிகாரப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். அதற்குள் அடிக்கடி தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலை பஸ்ஸை நம்ப முடியாது. ராகி முற்றும் காலத்தில் யானைகள் ரோட்டில் நின்றால் பஸ்ஸும் நிற்கும். “யானை வந்துருச்சு சார்” என்று ஒரு தடவை சொன்னதற்கே டைம் ஆபீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதனால் வீட்டுக்காரர் தம் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்.

“தோட்டத்துக்குத் தண்ணி கட்ற நேரத்துல இவன் பொண்டாட்டிக்கு டிரைவர் வேல பாக்கறான்” என்று அவருடைய அண்ணன் நாராயணப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வாய்க்குப் பயந்தே நான் வண்டியில் அவர் தோளைத் தொடமாட்டேன். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பேன்.

வண்டியின் டயர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் லாரிக்காரன் சொல்வதுதான் வேதம். கிருஷ்ணகிரி ரோட்டில் தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தரும் பட்டறைகள் இருந்தன. அங்கே நம் வண்டி டயருக்கும் ஒட்டித் தருவார்கள். லாரிக்கு நல்லதென்றால் ராஜ்தூத்துக்கும் நல்லதுதானே என்று இவரும் போய் ஒட்டிக்கொண்டு வந்தார். மலிவுதான். தேயவும் இல்லை. கல்லை எப்படித் தேய்ப்பது?

தை மாதம் ஒரு காலை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் களம் என்று ஒன்று தனியாக வேண்டாம், கொள்ளுச் செடியைத் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம். அன்று அந்தச் செடியெல்லாம் பனியில் ஊறிக் கிடந்தது. வளைவில் இவர் பிரேக்கைத் தொட்டதுதான் தாமதம், வண்டி சோப்பில் கால் வைத்த மாதிரி சறுக்கியது. நான் ஒருபக்கம், அவர் ஒருபக்கம். பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க மாட்டியிருந்த கம்பி வலை நசுங்கிப்போயிற்று. என் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு.

அந்தக் கொள்ளு வேறு யாருடையதும் இல்லை, நாராயணப்பனுடையதுதான். ஓடி வந்தவர் முதலில் செடியைத்தான் பார்த்தார்.

“கொள்ளெல்லாம் சிதறிப் போச்சேடா!” என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “வேலைய உட்டுரும்மா. கை கால் போனா கம்பெனிக்காரனா வந்து சோறாக்கிப் போடுவான்?”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடிபட்டதற்காக இல்லை. அந்த வேலை எனக்கு உயிர். என் பெயர் போட்ட அட்டையை, வந்த நேரம் பதிகிற மெஷினில் செருகி எடுக்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை. அது போய்விடுமோ என்றுதான் அழுதேன்.

இவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். “வேலைய எதுக்கு உடணும்? டயரத்தான் உடணும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

தக்காளி விலை கவிழ்ந்த வருஷம் அது. இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓசூரில் இவர் ஏறாத டயர்க் கடை இல்லை. ஒரு கடைக்காரர், “கல்லு மாதிரி இருக்குங்க, உங்க பையன் காலம் வரைக்கும் ஓடும்” என்றார். “கல்லுல போயிதாங்க உழுந்தம்” என்று இவர் இறங்கி வந்துவிட்டார். இன்னொரு கடையில் காட்டியது ரோட்டை நன்றாகப் பிடிக்குமாம். ஆனால் அடுத்த அறுவடைக்குள் தேய்ந்துவிடுமாம். இவர் அதையும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதுவரைக்கும் பழைய டயரிலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். மாட்டு வண்டி எங்களை முந்தாததுதான் பாக்கி.

ஒருநாள் கம்பெனி வாசலில் ஒரே சத்தம். வெளியே வந்து பார்த்தால் வண்டி ஸ்டாண்டில் வாட்ச்மேன் வெங்கடப்பன் எங்கள் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவர் அடுத்தவர் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டிருந்தாராம். டயர் திருடன் என்று பிடித்துவிட்டார். அவர் கன்னடத்தில் அதட்ட, இவர் தெலுங்கில் பதில் சொல்ல, நான் போய்த் தமிழில் தீர்த்து வைக்க வேண்டியதாயிற்று. கூட வேலை செய்யும் பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“இன்னா பண்றீங்க நீங்க?” என்று வழியெல்லாம் திட்டினேன்.

“கடையில இருக்கறது எல்லாம் புதுசு, எல்லாம் பளபளன்னுதான் இருக்கும்” என்றார் திரும்பாமலே. “ஓடித் தேஞ்ச டயருதான் நெசம் சொல்லும். நகம் பதியவே இல்லன்னா அது வழுக்கும். ரொம்பப் பதிஞ்சா சீக்கிரம் தேஞ்சுரும். கொஞ்சமாப் பதியணும் ஜோதி. அந்த மாதிரி டயரு வெச்சிருக்கறவன் கிட்ட, எந்த ரோட்ல ஓட்டற, எத்தன வருசமாச்சு, மழையில வழுக்கிச்சான்னு கேக்கறேன்.”

அப்புறம் வாட்ச்மேனிடமே அனுமதி வாங்கிக்கொண்டு நான் வெளியே வரும்வரை தினமும் இதே வேலை. வீட்டில் சோறு போட்டால் டயர், படுத்தால் டயர். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். முன்சக்கரம் மெதுவாகத்தான் தேயும், அதனால் அதற்கு நன்றாக நகம் பதிகிற டயர் போட்டாலும் ரொம்ப நாள் வரும். பின்சக்கரத்தில்தான் பாரம், அதற்குக் கொஞ்சம் அழுத்தமான ரப்பர், மேலே கட்டம் கட்டமாக இருக்கும் பட்டன் ஆழமாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கடைக்காரர் ஜோடியாக விற்கப் பார்த்தார். இவரா மசிவார்? ஒரு கடையில் முன்டயர், இன்னொரு கடையில் பின்டயர் என்று வாங்கி மாட்டினார். இரண்டுமே விலை கூடினவை அல்ல. அந்த டயர்கள் எத்தனையோ மழையைப் பார்த்தன, பின்டயரை மாற்றிய பிறகும் முன்டயர் ஓடிக்கொண்டிருந்தது.

மாட்டிய மறுநாளே பரீட்சை வந்தது. தூறல், மூடுபனி. அதே வளைவு, அதே கொள்ளு. பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு ஆள் முளைத்தார். ரோட்டுக்கு நடுவே குனிந்து செடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த நாராயணப்பன்! இவர் பிரேக் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி நேராக நின்றிருந்தது, கை நீட்டினால் அண்ணன் வேட்டியைத் தொட்டுவிடலாம். பின்பக்கம் இம்மிகூட அலையவில்லை.

நாராயணப்பன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். “ஏன்டா, இந்த டயரு எங்க வாங்கின?” என்றார்.

“சாயந்தரம் வந்து சொல்றேண்ணா, இவளுக்கு நேரமாச்சு” என்று இவர் கிளப்பினார். அட்டையை நேரத்துக்குச் செருகினேன்.

சாயங்காலம் வெளியே வந்ததும் இந்தக் கதையை வாட்ச்மேனிடம் சொன்னேன். சட்டையைப் பிடித்தவராயிற்றே, தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“ஒண்ணு கேக்கறம்மா. இந்த ஸ்டாண்டுல அத்தன வண்டி நிக்குது. உங்க வீட்டுக்காரரு சேலைக்கு வலை மாட்டுன வண்டிய மட்டுந்தான் தொட்டாரு. மத்தது பக்கம் போகவே இல்ல. ஏன்னு கேட்டேன். ‘தனியாப் போறவன் கத நமக்கெதுக்குங்க? பொண்டாட்டிய பின்னாடி உக்கார வெச்சு ஓட்டறவன்தான் பாத்து வாங்கியிருப்பான்’னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. அந்த மனுஷன் என்னிடம் ரப்பரைப் பற்றித்தான் பேசியிருந்தார்.

வெளியே அவர் வண்டியோடு நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் இருந்த இரும்புக் கம்பி பக்கம் என் கை போகவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சானமாவு தாண்டி, ஊருக்குள் நுழைந்து, டயர்க் கதை கேட்க நாராயணப்பன் காத்துக்கொண்டிருந்த வாசல் வரைக்கும் கையை எடுக்கவில்லை.