நடுவில் தூக்கக் கூடாத முள்

கடைசிப் பாட்டு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே ஜூடித் அடுத்த ரெக்கார்டை உறையிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டாள். முள் நடுவட்டத்துக்கு வந்ததும் ஒரு கையால் அதைத் தூக்கி, மறு கையால் பழைய தட்டை எடுத்துக் கட்டில் ஓரத்தில் போட்டு, புதியதை வைத்து, முள்ளை இறக்கினாள். ஏழு வினாடி ஆனது. நேற்று இதே வேலைக்கு இருபது வினாடி ஆகியிருந்தது. அந்த ஏழு வினாடியும் கட்டிலில் கிடந்த அப்பா மூச்சு விடவில்லை. முள் சரசரத்து, பியானோ ஆரம்பித்த பிறகுதான் அவர் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. பிறகு பழையபடி ஏறி இறங்க ஆரம்பித்தது.

மணி பன்னிரண்டு. தம்பி டிரேவர் மஸ்கட்டிலிருந்து பம்பாய் வந்து, அங்கே பெங்களூர் விமானத்தைப் பிடித்து, ஆஸ்டின் டவுனில் இந்த வாசலில் வந்து இறங்க ஐந்து மணியாகும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றால் இன்னும் பதினைந்து பக்கங்கள். ஜூடித் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விடியும்வரை தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசினார். டிரேவர் போனில் அழுதான். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோக்கா." "பாத்துக்கறேன், நீ வா" என்று ஜூடித் சொல்லிவிட்டாள், ஏதோ பால் பொங்காமல் பார்த்துக்கொள்வது போல. எல்லாரும் போன பிறகு, வீடு இப்படி உம்மென்று இருக்கிறதே, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு ரெக்கார்டைப் போட்டாள். பக்கம் முடிந்ததும் மூச்சு நின்றது. பதறிப்போனவள் மந்திரித்த தண்ணீர் பாட்டிலை எடுத்திருக்க வேண்டும். கை என்னவோ ரெக்கார்டைத்தான் திருப்பிப் போட்டது. மூச்சு வந்தது. தற்செயல் என்று நினைத்தாள். மூன்றாவது பக்கத்திலும் அப்படியே. ஐந்தாவது பக்கத்துக்குப் பிறகு நினைப்பதை விட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப் பிளேயர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பெர்னார்டுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயங்கள் உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று அரசியல், மற்றது மகளின் கல்யாணம். முப்பத்தைந்து வருடம் டெலிபோன் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், கையில் மீந்த நேரத்தையெல்லாம் நானூற்றுச் சொச்சம் ரெக்கார்டுகளுக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றின் உள்ளுறையிலும் பென்சிலால் தேதி போட்டுத் தீர்ப்பு எழுதுவார். 'சுமார். இரண்டாம் பக்கம் நாலாவது பாட்டுக்காக மன்னிக்கலாம்.' 'இதைப் பாராட்டியவன் காது கேட்காதவன்.' பழைய ஆல்பங்களின் இரைச்சலைத் துடைத்துப் புதிதாகப் போட்ட பதிப்புகள் என்றால் முகம் சுண்டிவிடும். ட்ரம்பெட் ஊதும் ஒருவனின் பழைய தட்டில், அவன் ஊதுவதற்கு முன் மூச்சு இழுப்பது கேட்கும். மறுபதிப்பில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். "மூச்சையே கழுவி ஊத்திட்டானுங்க. மூச்சு இழுக்காம எவன் ஊதுவான்? பொணமா ஊதுது?" என்று ஒரு வாரம் கத்தினார். சிறந்த பாடல்கள் என்று பொறுக்கிச் சேர்த்த தொகுப்புகளுக்கு இன்னும் மோசம். "பத்து ஆட்டுத் தொடைய வாங்கி அடுக்கி வெச்சா, அது எழுந்து நடக்குமா?"

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. முள்ளை வைத்தால் வைத்ததுதான். "ஒருத்தன் நாப்பது நிமிஷம் உன்கிட்ட பேசறான். நடுவுல எழுந்து போறது மரியாதையா?" வாசலில் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஜூடித் பிறந்த அன்று தான் வலி எடுத்துத் துடித்தபோது, 'இன்னும் ரெண்டு பாட்டுதான்' என்று அவர் சொன்னதை அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினாள். தொகுப்புக்கு மட்டும் விலக்கு. அது யாரும் யாரிடமும் பேசுவது இல்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பார். இன்று விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் ஜூடித் ஒரு தொகுப்பை எடுத்துப் போட்டுவிட்டாள். முதல் பாட்டு தொடங்கி அரை நிமிடம் ஆகியும் நெஞ்சு ஏறவில்லை. ஒரு நிமிடத்தில் உதடு நீலமாகிவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு முழு ஆல்பத்தை வைத்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். அதிலிருந்து ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்தில் காட்டி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எடுக்கிறாள்.

டிரேவரோடு அப்பாவுக்குச் சண்டை வந்ததும் இந்தச் சட்டத்தால்தான். ஆறு வருடத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டில், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், பாடிக்கொண்டிருந்த ரெக்கார்டின் முள்ளைத் தூக்கிவிட்டு, "டாடி, நான் அங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்றான். அப்பா அவனைப் பார்க்காமல் சொன்னார்: "முதல்ல முள்ளை வை." டிரேவர் அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு இருவரும் பேசவில்லை.

ஒன்றேகாலுக்குக் கரெண்ட் போனது.

விசிறி ஓய்வதற்குள் ஜூடித்தின் விரல் ரெக்கார்டின் நடுத்தாளில் இருந்தது. சுற்றினாள். ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. ஆனால் முள்ளிலிருந்தே, காதை வைத்துக் கேட்க வேண்டிய அளவு, சன்னமாக ஒரு குரல் வந்தது. எறும்பு பாடினால் அப்படி இருக்குமோ என்னவோ. அவள் வேகம் குறைந்தால் குரல் கனத்து இழுத்தது. அப்பாவின் மூச்சும் இழுத்தது. பயந்து வேகமாகச் சுற்றினாள். அப்பாவின் நெஞ்சு நாய்க்குட்டி போலப் படபடவென்று அடித்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டு, ஒரே சீராகச் சுற்றப் பழகினாள்.

பக்கத்து வீட்டு மௌரீன் கஞ்சியோடு வந்தபோது அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மௌரீன் ரிட்டயர்டு நர்ஸ், எதற்கும் அசராதவள்.

"லைன்மேனைக் கேட்டா 'பருத்தெ, பருத்தெ'ங்கிறான். வரும் வரும்ங்கிறானே தவிர, எப்பன்னு அவனுக்கே தெரியல. நீ என்னம்மா பண்ற?"

"சுத்தறேன் ஆன்ட்டி. நிறுத்தினா டாடிக்கு மூச்சு நிக்குது."

மௌரீன் அவளை நிதானமாகப் பார்த்தாள். "தூங்கினியா நீ? இது கடைசி மூச்சும்மா. நிக்கும், அப்புறம் வரும். நாப்பது வருஷம் வார்டுல பாத்தவ சொல்றேன்."

"பாருங்க அப்ப." ஜூடித் விரலை எடுத்தாள்.

தட்டு நின்றது. அப்பாவின் நெஞ்சு இறங்கி அப்படியே இருந்தது. மௌரீன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. இருபது. முப்பது. நாற்பதில் மௌரீன் எட்டி, தன் விரலை ரெக்கார்டின் மேல் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். அப்பா மூச்சு இழுத்தார்.

இருவரும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். மௌரீன் மற்ற கையில் ஜெபமாலை உருட்டினாள். கரெண்ட் வந்தபோது கூடம் முழுக்கப் பாட்டு அதிர்ந்து கிளம்ப, இருவருமே கத்திவிட்டார்கள்.

போகும்போது மௌரீன் வாசற்படியில் நின்றாள். "அவர் முகத்தைப் பாத்தியா ஜூடி? வலிக்குதும்மா அவருக்கு. எதுக்குப் புடிச்சு வெச்சிருக்க?"

"டிரேவர் வரணும் ஆன்ட்டி. அஞ்சு மணிக்கு வந்துடுவான். சொல்லிட்டேன் நான்."

மௌரீன் தலையை ஆட்டினாள். "டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

ஜூடித் திரும்பி வந்து பார்த்தாள். அதுவரை நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கடைவாயில் பல்லைக் கடித்திருந்தார். பிடிக்காத ரெக்கார்டை முடியும்வரை கேட்கும்போது இருக்கும் முகம் அது. ஜூடித்துக்கு அழுகை வந்தது. பக்கம் முடியப் போகிறதே என்று துடைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. நேற்றே அதைக் கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"அக்கா, பம்பாய்லதான் இருக்கேன். ஊரே மூழ்கிக் கிடக்கு. ஃப்ளைட் எல்லாம் கேன்சல். நாளைக்குச் சாயங்காலம்தான்கிறாங்க." "ஒரே ஒரு நாள் பாத்துக்கோக்கா."

ஜூடித் அலமாரியைப் பார்த்தாள். நாளை சாயங்காலம் வரைக்கும் அங்கே ரெக்கார்டு இருந்தது. அடுத்த வாரம் வரைக்கும்கூட இருந்தது. விழித்திருக்கவும் அவளால் முடியும். தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அப்பாவின் கடித்த பற்களைப் பார்த்தாள்.

"டிரேவர், நீ இப்பவே பேசு. டாடி காதுல வெக்கறேன்."

"இப்பவா? போன்ல எப்படிக்கா? இது பூத்து, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"பேசு. நடுவுல நிறுத்தாம பேசு."

பக்கத்தின் கடைசிப் பாட்டு ஓய்ந்தது. ஜூடித் எட்டிப் பிளேயரின் சுவிட்சை அணைத்தாள். அப்பாவின் நெஞ்சு இறங்கியது. ரிசீவரை அவர் காதோடு சேர்த்துப் பிடித்து, தானும் தலையணையில் தலையைச் சாய்த்து மறுபக்கம் காதை வைத்துக்கொண்டாள்.

"டாடி... டிரேவர் பேசறேன்."

நெஞ்சு ஏறியது.

அவனுக்கு முதலில் பேச வரவில்லை. பம்பாய் மழையைப் பற்றிச் சொன்னான். மஸ்கட் வெயிலைப் பற்றிச் சொன்னான். அவன் தடுமாறி நிறுத்தும்போதெல்லாம் அப்பா நின்றார். அவன் தொடர்ந்ததும் தொடர்ந்தார். பிறகு அவன் மகள் ஆஞ்சலா ஐந்து வயதிலேயே வாயாடுவதைச் சொன்னான். திடீரென்று கோபம் வந்தது. "நான் கட்டின பொண்ணு பேரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல நீங்க? அத சொல்லத்தான் அன்னிக்கு நான் ஓடி வந்தேன். சௌம்யா டாடி. சௌம்யா அவ பேரு." அழுதான். நான் மட்டும் என்ன, ஆறு வருஷம் ஒரு போன் செய்தேனா என்றான். உங்களைத் திட்டாத நாள் இல்லை, நினைக்காத நாளும் இல்லை என்றான். சின்ன வயதில் அவர் மடியில் உட்காரவைத்து ரெக்கார்டைத் துடைக்கச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். அந்தத் துணியின் நிறம்கூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஜூடித்துக்கு இல்லை.

அப்பாவின் வாய் தளர்ந்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். பற்கள் விட்டிருந்தன. மூச்சு சாதாரண மனிதன் மத்தியானம் தூங்கும் மூச்சாக இருந்தது.

"அக்கா, கேக்கறாரா?"

"கேக்கறார். முழுசா கேக்கறார்."

"பின்னாடி எல்லாரும் கத்தறாங்க. வெச்சுடட்டுமா? நாளைக்கு நேர்ல வந்து மீதியப் பேசிக்கறேன்."

வைக்காதே என்று சொல்லலாம். வரிசையில் நிற்பவர்களிடம் கெஞ்சு, இன்னும் பேசு, எதையாவது பேசு என்று சொல்லலாம். அவன் பேசியிருப்பான். இதை அவனிடம் அவள் என்றைக்கும் சொல்லப் போவதில்லை.

"மீதி இருக்கா டிரேவர்? சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டியா?"

அவன் யோசித்தான். அந்த நேரம் முழுக்க நெஞ்சு அசையவில்லை.

"சொல்லிட்டேன்கா."

"அப்ப வெச்சுடு."

அதை அப்பாவும் கேட்டிருப்பார். ஒரே ரிசீவர்தானே. கிளிக்கென்று சத்தம் வந்தது. ஜூடித் தலையணையிலிருந்து எழுந்து, ரிசீவரைத் தாங்கியில் வைத்தாள். நெஞ்சு ஏறவில்லை. அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அவை பிளேயர் பக்கம் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மௌரீன் டீயோடு உள்ளே வந்தாள். "போன் அடிச்சுதே, யாரும்மா?"

"டிரேவர். பேசி முடிச்சுட்டான்."

மௌரீன் கட்டிலைப் பார்த்தாள். அணைந்து கிடந்த பிளேயரைப் பார்த்தாள். டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், காலில் இருந்த செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.