சட்டைப்பையில் ஒரு சாவி

ஞாயிற்றுக்கிழமை மதியம், பல் டாக்டரின் கிளினிக் பின்னறையில் டாக்டரும் அவருடைய நண்பர்கள் இருவரும் கூடினார்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் விண்வெளி ஆட்டம் அவர்களுடையது. அதற்குப் புதிதாக வந்திருந்த துணைநூலை டாக்டர் மேசையில் வைத்தார். நண்பர்களில் ஒருவனான வெல்டரின் தம்பி உயிரோடு இருந்தவரை நான்கு பேராக ஆடியவர்கள். போன வருஷம் தொழிற்சாலைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவன், விஷவாயு தாக்கி உள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

நூலுக்குப் படம் வரைந்தது அந்தத் தம்பியின் உயிர்த்தோழன்; தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்குப் புட்டிக்கண்ணாடி என்று பட்டப்பெயர். இருப்புக்கொள்ளாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பிரிங்கண்ணே."

வெல்டர் கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டுப் பிரித்தான். கனமான, வழவழப்பான தாள். ஆளற்றுப் போன சுரங்க நிலவு ஒன்றின் கதை. வரைபடங்களில் கதவின் கீல்கூட விட்டுப்போகவில்லை.

"அடேங்கப்பா! ஆனா இந்தக் கதவ இப்படிப் பத்த வெச்சா ஒரு மாசம் தாங்காதுடா."

"விட்டா நிலாவுலயே போய் வேலை கேப்பீங்க போலிருக்கே," என்று டாக்டர் சிரித்தார்.

வெல்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். காற்றில்லாத கூடத்தின் சுவரில் சாய்ந்து கிடந்தது ஒரு தொழிலாளியின் பிணம். உடைந்த தலைக்கவசத்துக்குள் தம்பியின் முகம். புருவத்தைப் பிளந்த தழும்புகூட அப்படியே இருந்தது. கீழே சின்ன எழுத்தில்: 'பெயர் தெரியாத பிணம். சட்டைப்பையைத் துழாவினால் சாவி கிடைக்கும். பகடையில் நான்குக்கு மேல் விழ வேண்டும்.'

"என்னடா இது?"

"அவன் மூஞ்சி மறந்துபோயிடுமோன்னு பயந்துட்டேண்ணே. எதை வரைஞ்சாலும் அவனாத்தான் வந்தான். கீழ எழுதினது நான் இல்லண்ணே, சத்தியமா."

"அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

புட்டிக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் மெல்லச் சொன்னார்: "அந்த ரூமுக்குள்ள நாம போகவே வேணாம். தாண்டிப் போயிடலாம்."

"நாம தாண்டிடுவோம் டாக்டர். காசு குடுத்து வாங்கினவன் எல்லாம் தாண்டுவானா? எவன் எவனோ என் தம்பி பையில கையை விடுவான். நாலுக்கு மேல விழலன்னா திரும்பவும் விடுவான்."

புட்டிக்கண்ணாடி அழுதான். இன்னொரு நாளாக இருந்தால் வெல்டர் அவன் தோளில் கை போட்டிருப்பான். இன்று கை எழவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, அதுக்குள்ள வந்துட்ட? புட்டிக்கண்ணாடி படம் போட்ட புத்தகம் எப்படி இருந்துச்சு? எனக்குக் காட்ட எடுத்துட்டு வரலையா?"

"நீ பாக்குற மாதிரி இல்லம்மா."

"அவனையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? அவன் வந்தா எனக்கு நம்ம சின்னவனே வந்த மாதிரி இருக்கும்."

"இனிமே அவன் வரமாட்டாம்மா," என்றான் வெல்டர்.

ஏன் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். அவன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.