இடது கை மடிப்பு

வெள்ளிக்கிழமை காலை. ஸ்பதைனா வீதியில், மூன்றாம் மாடியில் இருந்த அந்தத் தையல்சாலையில் பன்னிரண்டு மெசின்களும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலால் கிளடிஸ் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கோபமெல்லாம் ஒரு கறுப்பு றப்பர் வட்டின் மேல். முதல்நாள் இரவு, லொஸ் ஏஞ்சல்ஸில், மேலதிக நேரத்தில், அது ரொறொன்ரோவின் ஹொக்கி அணியான லீஃப்ஸின் வலைக்குள் போய்விட்டது.

“போயிருக்கவே கூடாது, ராசேஸக்கா. எங்கட ஆக்கள் மூண்டு பேர் முன்னுக்கு நிண்டவங்கள். என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவங்களோ!”

“போனது போட்டுது. நீ துணியைப் பாத்துத் தை. ஊசி விரலுக்குள்ளை ஏறப்போகுது,” என்றாள் பக்கத்து மெசினில் இருந்த இராஜேஸ்வரி. ஐம்பது வயதுக்காரி. ஹொக்கியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், லீஃப்ஸ் வென்றால் அடுத்தநாள் கிளடிஸ் எல்லோருக்கும் இறைச்சி றோல்ஸ் கொண்டுவருவாள், தோற்றால் வெறும் பாண்தான் என்பது.

கிளடிஸுக்கு நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூட ஹொக்கி அணியில் மைதானத்தின் வலது கரையில் ஓடி விளையாடியவள். அதற்கு அத்தாட்சியாக முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் மூன்று தழும்புகள் இருக்கின்றன. ஏழு வருடங்களுக்கு முன், ரொறொன்ரோவில் வந்திறங்கிய கிழமையே, அதே விளையாட்டைப் பனிக்கட்டிக்கு மேல் விளையாடுவதை ரீவியில் கண்டு, “ஐயோ, இவங்கள் சறுக்கிச் சறுக்கியெல்லே ஓடுறாங்கள்!” என்று கூவினாளாம். அன்றைக்கு இருந்த கதிரையை விட்டு அவள் இன்னும் எழும்பவில்லை என்று புருசன் சீமோன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான்.

பிளேயோஃப் என்கிற கடைசிக்கட்ட ஆட்டங்கள் தொடங்கினால் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், அவர்கள் வீட்டுச் சட்டங்களே மாறிவிடும். ஐந்து மணிக்குள் மரக்கறி வெட்டி முடிந்திருக்கும். ஆட்டம் தொடங்க முன் சோறு வடித்தாகிவிடும், முதல் இடைவேளையில் குழம்பு சூடாகும். கிளடிஸ் அதே நீலச் சட்டையைத்தான் போடுவாள். சீமோனுக்குச் சோபாவில் இருக்க அனுமதி இல்லை. டெற்றோயிற்றோடு நடந்த ஆட்டத்தில் அவன் போய் இருந்த நேரம் பார்த்து எதிராளிகள் இரண்டு கோல் அடித்துவிட்டார்கள். அன்று தொடக்கம் அவன் சமையலறை வாசலில் நின்றுதான் பார்க்கிறான்.

“பக்ரறியிலை எட்டு மணித்தியாலம் நிண்டுபோட்டு வாறன். இஞ்சை வந்தும் நிக்கிறதோ?”

“கொஞ்ச நாளைக்குத்தானேயப்பா. லீஃப்ஸுக்காக நில்லுங்கோ.”

1993 ஆம் ஆண்டின் அந்த மே மாதத்தில் லீஃப்ஸ் வெல்ல வேண்டியதற்குக் கிளடிஸிடம் இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் அவளுக்கு முன் மெசினில், வயிற்றுக்கு இடம் விட்டுக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு இருந்து தைத்துக்கொண்டிருந்தது. துர்க்கா. இருபத்தாறு வயது, ஏழரை மாதம். பிள்ளைப்பேற்றுக்கு அரசாங்கம் தருகிற யூ.ஐ. காசு கிடைக்க வேண்டுமென்றால் இருபது கிழமை வேலை காட்ட வேண்டும். கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலமாவது செய்தால்தான் அது ஒரு கிழமை என்று கணக்கு. தைப்பொங்கல் முடிந்த திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்த துர்க்காவுக்கு இந்த வெள்ளியோடு பத்தொன்பது கிழமை. இன்னும் ஒன்று வேண்டும். அந்த வயிற்றோடு வேறெங்கே போய் வேலை கேட்பது? றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற புருசனின் சம்பளம் வாடகையோடு சரி.

அந்த ஒரு கிழமை லீஃப்ஸின் கையில் இருந்தது. குளிர்கால ஜக்கெற் ஓடர்கள் முடிந்துபோன தையல்சாலைக்கு இப்போது சோறு போடுவது லீஃப்ஸ்தான். புதன்கிழமை ஒரு ஓடர் வந்திருந்தது. இரண்டாயிரத்து நானூறு ரீசேட். நெஞ்சில் நீல இலை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘சம்பியன்ஸ் 1993’. சனிக்கிழமை அரையிறுதியின் ஏழாவது, கடைசி ஆட்டம். வென்றால் ஞாயிறு விடியக் கடைகளில் அவை தொங்க வேண்டும், இறுதிச்சுற்றுக்கு இன்னொரு ஓடரும் வரும். தோற்றால் ஓகஸ்ட் வரை ஒருவருக்கும் வேலை இல்லை. சூப்பவைசர் கஸ்பர் இதைச் சொல்லிவிட்டு, முதலாளி மேல்மாடிக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறாரா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான்.

மத்தியானம் சாப்பிடும்போது துர்க்கா ஒரு ரீசேட்டை வயிற்றுக்கு மேல் விரித்து வைத்து அளவு பார்த்தாள்.

“இதிலை ஒண்டை வெட்டினால் பிள்ளைக்கு நாலு சட்டை தைக்கலாம், என்னக்கா?”

இராஜேஸ்வரி அதை வெடுக்கென்று பறித்தாள். “உனக்கென்ன விசரே? பிள்ளை பிறக்க முன்னம் ஆரும் சட்டை தைக்கிறதே? நாவூறு, கண்ணூறு ஒண்டுக்கும் பயமில்லையோ?”

கிளடிஸின் வாய்க்குப் போன பாண் பாதி வழியில் நின்றது.

“ராசேஸக்கா, அப்ப நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறம்?”

“என்ன செய்யிறம்?”

“வெல்ல முன்னம் வெண்டவனுக்குச் சட்டை தைக்கிறம்! புதன்கிழமை தைக்கத் தொடங்கினம். வியாழக்கிழமை தோத்துப்போனாங்கள். கடவுளே, நான் கோல் காக்கிற அந்தக் கோலியை, பாவம், ஏசிக்கொண்டிருக்கிறன். எல்லாம் எங்கட வேலையல்லோ!”

செய்தி மெசினுக்கு மெசின் பரவியது. மூலையில் இருந்த போத்துக்கீசப் பெண்களுக்குக் கிளடிஸ் தன் ஆங்கிலத்தாலும் இரண்டு கையாலும் விளங்கப்படுத்தினாள். விளங்கியதும் அவர்களில் ஒருத்தி உடனே சிலுவை அடையாளம் போட்டாள். சீனப்பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு தலையாட்டினார்கள். தைக்காமல் விடவும் முடியாது, தைத்து முடிக்கவும் கூடாது. கடைசியில் வழியைச் சொன்னது கிளடிஸ்தான். ஒவ்வொரு ரீசேட்டிலும் இடது கை விளிம்பை மட்டும் மடித்துத் தைக்காமல் விடுவது. ஏற்கெனவே தைத்து முடித்தவற்றிலும் அதைப் பிரித்துவிடுவது. அப்போது அது முடிந்த சட்டை இல்லை. முடியாத சட்டைக்குத் தோஷமும் இல்லை.

கஸ்பருக்கு வியர்த்தது. “உங்களுக்கென்ன பைத்தியமோ? இரண்டாயிரத்து நானூறு கை! பொஸ் கண்டாரெண்டால் என்ரை கதை முடிஞ்சுது.”

“கஸ்பரண்ணை, உங்கட மூத்தவன் பிறக்க முன்னம் உங்கட மனிசி தொப்பி பின்னினவவோ?”

“அது வேறை.”

“என்ன வேறை? சொல்லுங்கோ பாப்பம்.”

கஸ்பர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள். கடலுக்குப் போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடாத வீட்டில் வளர்ந்தவன். கொஞ்சநேரம் காதைச் சொறிந்தான்.

“ஆட்டம் முடிஞ்ச கையோடை எல்லாரும் மெசினிலை இருக்கோணும். விடியவிடியத் தைக்கோணும்.”

“பாட்டுப் பாடிப்பாடித் தைப்பம் அண்ணை!”

சனிக்கிழமை மாலை றேடியோவைத் துணி வெட்டுகிற மேசையில் வைத்து, பன்னிரண்டு பேரும் கஸ்பரும் சுற்றி நின்றார்கள். கிளடிஸ் வேலைக்கும் அதே நீலச் சட்டையோடு வந்திருந்தாள். சீமோனுக்கு வீட்டுக்குப் போன் எடுத்து, “நிக்கிறியளோ?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். லீஃப்ஸ் முதலில் இரண்டு கோல் பின்னுக்கு நின்று, பிறகு சமப்படுத்தியது. அடுத்ததை எதிராளிகள் அடித்தார்கள், அதையும் லீஃப்ஸ் சமப்படுத்தியது. மூன்றுக்கு மூன்று. கிளடிஸ் துர்க்காவைக் கட்டிப்பிடித்துக் குதிக்கப் போய், வயிறு நினைவுக்கு வந்து, இராஜேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

“விடடி, இடுப்பு முறியப்போகுது!” என்று கத்திய இராஜேஸ்வரியும் குதித்தாள். “எத்தினை அடிச்சால் வெற்றி?”

“இன்னும் ஒண்டு. ஒண்டே ஒண்டக்கா.”

அந்த ஒன்று மற்றப் பக்கம் விழுந்தது. ஒரு நிமிடத்துக்குள் இன்னொன்றும் விழுந்தது. கடைசி நேரத்தில் லீஃப்ஸ் ஒன்றைத் திருப்பி அடித்தது. மிஞ்சிய ஒரு நிமிடமும் எல்லோரும் றேடியோவுக்கு மேல் குனிந்து நின்றார்கள். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியபோது ஐந்துக்கு நான்கு. கிளடிஸ் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

துர்க்கா அவளின் முதுகைத் தடவினாள். “அழாதேங்கோ அக்கா. அவங்களும் பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு ஓடினவங்கள்.”

“நான் அவங்களுக்கோடி அழுறன்?” என்றாள் கிளடிஸ். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவங்களுக்கும்தான்,” என்றாள்.

திங்கட்கிழமை ஒருவரும் வரவேண்டாம் என்று கஸ்பர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஆனால் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் படியில் இறங்கும்போது அவனே ஓடிவந்து கிளடிஸை மறித்தான். தோற்ற ரீசேட்டுகளை இந்த நாட்டில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். கப்பலில் தூரதேசத்துக்கு அனுப்புகிற ஒருவன் எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்றானாம். ஆனால் கை மடிக்காத சட்டையைத் தொடமாட்டானாம். முதலாளி கஸ்பருக்குக் கொடுத்த ஏச்சை நாய்கூடக் கேட்காதாம்.

“மூண்டு பேரை வரச்சொல்லட்டாம். திங்களும் செவ்வாயும். இடது கையைத் தைச்சு மடிச்சுப் பெட்டியிலை போட.”

“எத்தினை மணித்தியாலம்?”

“வழமைபோலை. எட்டிலையிருந்து நாலு.”

சாப்பாட்டு நேரம் போக ஏழரை. ஏழரையும் ஏழரையும் பதினைந்து. கிளடிஸ் கோயில் படியிலேயே கையைத் தட்டினாள். “அந்தோனியாரே! துர்க்காவையும் ராசேஸக்காவையும் கூட்டிக்கொண்டு வாறன். வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.” லீஃப்ஸ் தோற்ற துக்கத்தில் மூன்று நாள் மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்று காலையில் சொன்னவள், அன்று மத்தியானம் நண்டுக்குழம்பு வைத்தாள்.

இரண்டு நாளும் அந்தப் பெரிய மண்டபத்தில் மூன்று மெசின்கள் மட்டும் ஓடின. கிளடிஸும் இராஜேஸ்வரியும் தைத்தார்கள். துர்க்கா கொஞ்சநேரம் தைப்பாள், கால் வீங்கினால் எழும்பி மடித்து அடுக்குவாள். திங்கட்கிழமை பத்து மணிக்கே இராஜேஸ்வரிக்கு ஒரு பயம் வந்துவிட்டது.

“இந்த வேகத்திலை போனால் நாளைக்கு மத்தியானம் முடிஞ்சுபோமெல்லே?”

“அப்ப என்ன செய்யிறது?” என்றாள் கிளடிஸ்.

“ஊசியை அடிக்கடி மாத்து. நூல் அறுந்தால் ஆறுதலாய்க் கோர். எனக்குக் கண் தெரியேல்லை எண்டு சொல்லு.”

“எனக்கு நல்லாய்த் தெரியுதே.”

“உனக்கில்லை, எனக்கெண்டு சொல்லடி!”

சிரித்துச் சிரித்துத் துர்க்காவுக்கு மூச்சு வாங்கியது. பிள்ளை உள்ளே உதைத்தது. “சறுக்கிச் சறுக்கி ஓடுது அக்கா,” என்றாள். கிளடிஸ் தொட்டுப் பார்த்து, இது வலது கரை ஆட்டக்காரிதான் என்று முடிவே சொல்லிவிட்டாள். நடுநடுவே அடுத்த வருடம் லீஃப்ஸ் யாரை விற்க வேண்டும், யாரை வாங்க வேண்டும் என்று விளக்கினாள். இராஜேஸ்வரியும் கோலியை மட்டும் விற்கக்கூடாது என்று அபிப்பிராயம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

செவ்வாய் மூன்று மணிக்கு முப்பது ரீசேட் மிச்சம் இருந்தது. அதை நாலு மணிவரை இழுக்கலாம் என்று கிளடிஸ் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். மூன்றே காலுக்குச் சுவரில் இருந்த போன் அடித்தது. கஸ்பர் எடுத்தான். “யெஸ் பொஸ்” என்று மூன்று தரம் சொன்னான். வைத்துவிட்டு வந்து மெசின்களுக்கு முன்னால் நின்றான்.

“மூண்டரையோடை நிப்பாட்டட்டாம்.”

“இன்னும் முடியேல்லையே அண்ணை.”

“முடிஞ்ச அளவு காணுமாம். பெட்டியும் நிறைஞ்சிட்டுதாம்.”

கிளடிஸ் மெசினிலிருந்து காலை எடுத்தாள். “அரை மணித்தியாலந்தானே அண்ணை. எங்களுக்குக் காசு வேண்டாம், சும்மா இருந்து தைச்சுத்தாறம். நாலு மணிக்கு நேரக் காட் அடிக்க விடுங்கோ.”

கஸ்பர் துர்க்காவைப் பார்க்கவில்லை. “கிழமைக்குப் பதினைஞ்சு மணித்தியாலம் வந்தால் அவரும் உங்களுக்காக அரசாங்கத்துக்குக் கட்டோணும் பிள்ளை. அவருக்குக் கணக்குத் தெரியும். எப்பவும் அப்பிடித்தான்.”

“உங்களுக்கும் தெரியுமோ?”

“இண்டைக்குத்தான் நினைவு வந்தது,” என்றான் கஸ்பர். “இடது கை தைக்காததுக்குச் சனிக்கிழமையே என்னை வேலையாலை நிப்பாட்டப் பாத்தவர். எனக்கும் நாலு பிள்ளையள்,” என்றான்.

இராஜேஸ்வரி கடைசிக் கையின் நூலை வெட்டி எடுத்தாள். மூன்று இருபத்தெட்டுக்குக் கஸ்பர் மின்சாரத்தை நிறுத்தினான். மூன்று பேரும் வரிசையில் நின்று காட் அடித்தார்கள். மிஞ்சிய பதினொரு ரீசேட்டையும் கஸ்பர் ஒரு பையில் போட்டுத் துர்க்காவின் கையில் கொடுத்தான். முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம்.

கிளடிஸ் வீதியில் வைத்தே தன் சட்டைக்கு மேலால் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். “போடுங்கோ ராசேஸக்கா, காசில்லாமல் வந்த சம்பியன்.” இராஜேஸ்வரியும் போட்டாள். தண்டவாளத்தில் ஓடும் கால்ற்றன் ஸ்றீற்காரில் ஏறும்போது டிரைவர் இரண்டு பேரின் நெஞ்சையும் வாசித்துப்பார்த்து, எப்போது வென்றோம், தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“நெக்ஸ்ட் இயர்,” என்றாள் கிளடிஸ். முன்சீற்றில் இருந்த கிழவன் கைதட்டினான்.

துர்க்கா யன்னலோரம் இருந்தாள். கைப்பையைத் திறந்து ஊசியையும் நீல நூலையும் எடுத்தாள். ஒரு ரீசேட்டை வயிற்றுக்கு மேல் விரித்து, இடது கை விளிம்பை மடித்து, சின்னச் சின்னத் தையலாகப் போடத் தொடங்கினாள். இந்த முறை இராஜேஸ்வரி அதைப் பறிக்கவில்லை. லீஃப்ஸின் ஆட்ட அரங்கான மேப்பிள் லீஃப் கார்டின்ஸைத் தாண்டும்போது கிளடிஸ் பழக்கத்தில் நெஞ்சில் சிலுவை போட்டாள். வாசலில் ஏணி வைத்து ஒருவன் நீலக்கொடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பாளிமென்ற் வீதி வந்தது. துர்க்கா முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்த இடத்தை நகத்தால் அழுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். சரியாக நாலு.

“பதினைஞ்சு,” என்றாள், ரீசேட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு.