வட்டக்கல்லில் சொன்ன ரகசியம்

ஸ்தமாத்தியாவுக்கு அன்று சாயங்காலம் மலைமேல் இருந்த பழைய கல் அரங்கத்தின் மேல் வரிசைக்கு ஏறவே முடியவில்லை. முட்டி வலி ஒரு பக்கம், மேடைக்காகக் கட்டிய கறுப்புத் துக்கப் பாவாடை ஒரு பக்கம். ஆனாலும் ஏறினாள். முப்பத்தோரு கோடையாக நாடகவிழா நடக்கும்போதெல்லாம் அந்த மேல் வரிசை ஓரத்தில் நின்றுதான் அவள் புருஷன் லெஃப்தேரிஸ் விளக்குப் போடுவான். இந்த வருஷம் அவன் நுரையீரலில் நீர் கோத்து நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ரொட்டியும் நாலு ஆலிவ் காயும் தின்றுவிட்டு இறங்கினால்தான் அவளுக்குக் குரல் எழும்பும்.

"போடி, போய் அழுதுட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று காலையில் அவனேதான் விரட்டினான். மகனைப் பறிகொடுத்த ராணி வேஷம் அவளுக்கு. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான அந்த ஒப்பாரியைக் கேட்கத்தான் ஜனம் மலையேறி வரும்.

கீழே அரங்கம் காலியாக இருந்தது. டைரக்டர் அக்கிலேயாஸும் உதவியாள் ஃபோட்டினியும் நடுவில் பதித்த வட்டக்கல்லின் மேல் வந்து நின்றார்கள். அந்தக் கல்மேல் நின்று தீக்குச்சி கிழித்தாலும் ஐம்பத்தைந்தாம் வரிசையில் கேட்கும். ரகசியம் பேசுவதானால் தள்ளிப் போய்ப் பேசு என்பதுதான் அங்கே புதிதாக வருகிற எவருக்கும் முதல் பாடம். அக்கிலேயாஸ் ஏதென்ஸ் சினிமாக்காரன், சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபோட்டினிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அழுதுகொண்டிருந்தவளுக்குக் கால் எங்கே நிற்கிறதென்று எங்கே நினைப்பு!

"அக்கா எங்கிட்ட குடுத்து வச்ச போனுக்கு ஆஸ்பத்திரியிலேருந்து மறுபடியும் கூப்பிட்டாங்க சார். ராத்திரி தாண்டாதாம். அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடறாராம்."

"நாடகம் முடியட்டும், சொல்லிக்கலாம்."

"முதல் போன் வந்தே ரெண்டு மணி நேரமாச்சு சார். பாவம்."

"ஒம்பதாயிரம் பேர் வராங்க. அந்தம்மா போயிட்டா அந்த வேஷத்துக்கு நீ நிப்பியா? போனை அணைச்சு வை."

ஆலிவ் ஸ்தமாத்தியாவின் தொண்டையில் நின்றது. இரண்டு மணி நேரம்! பாவிகளா, இரண்டு மணி நேரம்! முட்டி வலியாவது ஒன்றாவது, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

ஃபோட்டினி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தாள். "அக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசினாங்க. நல்லாத் தூங்கறாராம்."

"கல்லுமேல நின்னு பேசாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்டி?"

ஃபோட்டினியின் முகம் செத்துப்போயிற்று. அக்கிலேயாஸ் ஓடி வந்தான். "அம்மா, ஒண்ணரை மணி நேரம்தான். முடிச்சதும் நானே கார்ல..."

"முப்பத்தோரு வருஷமா ஊரான் வீட்டுப் பிணத்துக்கு அழுதாச்சு. இன்னிக்கு நீ அழு. எனக்கு என் வீட்டு வேலை இருக்கு."

ஃபோட்டினிதான் கார் சாவியை எடுத்தாள். வேஷத்தை மாற்றக்கூட நிற்கவில்லை. மலைப்பாதை முழுக்க நாடகத்துக்கு வருகிற பஸ்கள். அரை மணி நேர வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. பஸ்ஸிலிருந்து யாரோ அவளை அடையாளம் கண்டு கையாட்டினார்கள். நாசமாய்ப் போக, எல்லாரும் தன்னைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலையில் சாம்பலும் முகத்தில் வெள்ளைப் பூச்சுமாக அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, வராந்தாவில் இருந்தவர்கள் சிலுவைக்குறி போட்டு வழிவிட்டார்கள். லெஃப்தேரிஸ் கண் திறந்திருந்தான்.

"அடிப்பாவி... அதுக்குள்ள கறுப்புக் கட்டிட்டியா?"

"போய்யா. மேடைத் துணி. மாத்த நேரமில்ல."

"நாடகம்?"

"மழை. நிறுத்திட்டாங்க."

"ஜூலையில நம்ம ஊர்ல மழையா?" தொண்டைக்குள்ளேயே சிரித்தான். மூச்சு இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வந்ததே வந்த. அந்த ஒப்பாரியை எனக்குச் சொல்லு. ஒருநாள்கூட முழுசாக் கேட்டதில்ல. விளக்கைப் பாக்கவே சரியாப் போச்சு" என்றான்.

ஸ்தமாத்தியா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எத்தனையோ மேடையில் சொன்னது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒரு வரி வரவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். கதவோரம் நின்ற ஃபோட்டினி மெதுவாக முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள்.

ஸ்தமாத்தியா தலையை ஆட்டினாள். "லெஃப்தேரி" என்று வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. "லெஃப்தேரி, லெஃப்தேரி" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கை குளிர்ந்துபோன பிறகும் நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை கூப்பிட்டாள்.