நைமிரிஸ் புகை

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பராவில் இருக்கும் காளியாயி, எங்கள் வாசலில் குனிந்து மண் அள்ளுவதை என் மனைவி மீனம்மாதான் முதலில் பார்த்தாள். காளியாயியின் மாடு பால் சுரக்கவில்லை, கண் பட்டுவிட்டதாம். யார்மேல் சந்தேகமோ அவர் காலடி மண்ணோடு உப்பும் காய்ந்த கொச்சி மிளகாயும் சேர்த்து, மாட்டைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடி ஏறினால் கண் படவில்லை. ஏறாவிட்டால் மண்ணுக்கு உரியவர் கண்தான்.

"மண்ணு மட்டும் போதுமா தங்கச்சி?" என்றாள் மீனம்மா.

காளியாயி நிமிரவில்லை. "தப்பா நெனைக்காதீங்கக்கா. புள்ள இல்லாதவங்க கண்ணு பொல்லாததுன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழம சர்மிளாவுக்குக் கல்யாணம். அவளுக்கும் எதாச்சும் ஆயிட்டா?"

சர்மிளா, காளியாயியின் மகள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான புள்ளக்காம்பராவில் ஆயாவாக இருந்த மீனம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். அவளுக்கு ஆரத்தி எடுக்கவென்றே மீனம்மா புதுச்சேலை வாங்கி வைத்திருந்தாள்.

மீனம்மா உள்ளே போய், அடுப்புக்கு மேலே காயவைத்திருந்த நைமிரிஸ் மிளகாயில் ஒரு கை அள்ளி வந்தாள்.

"கொச்சிக்காயும் என்னோடதே போடு. நெடி வரலன்னா கல்யாண வாசல மிதிக்க மாட்டேன். வந்துச்சுன்னா ஆரத்தி நாந்தான்."

"ஐயோ அக்கா, இது நைமிரிஸாச்சே."

"கண்ணு பட்டிருந்தா எந்தக் கொச்சிக்காயும் நெடி அடிக்காதுல்ல? அப்பறம் என்ன?"

காளியாயி அதை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் செடி, பெக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வளர்த்தது. மஞ்சள் மஞ்சளாய், தோல் சுருங்கி, கனிந்த பழம்போல மணக்கும் காய். கடித்தவுடன் ஒன்றும் தெரியாது. இவ்வளவுதானா என்று நினைத்து முடிப்பதற்குள் இரண்டு காதிலும் ஆவி கிளம்பும். அரைக்காய் கிள்ளிப்போட்டால் லயம் முழுவதற்கும் பருப்புக்கறி. ஒரு காகம் ஒரே ஒரு தடவை கொத்திவிட்டு நல்லதண்ணி ஊர்வரை பறந்துபோய் ஆற்றில் பாதியைக் குடித்தது. இப்போது அங்கே ஓடுவது மீதிதான்.

மாட்டுக் கொட்டிலில் சட்டி நிறையத் தணல். காளியாயி மாட்டைச் சுற்றி எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். நான் முதல் இருமலிலேயே வெளியே வந்து விழுந்தேன். மாடு போட்ட தும்மலில் கூரைத் தகரம் எழும்பி உட்கார்ந்தது. கீழே ரோட்டில் பொகவந்தலாவை பஸ்ஸில் போனவர்கள் மழை வந்ததுபோலக் கண்ணாடிகளை மூடிக்கொண்டார்கள்.

"எல்லாம் நடிக்கிறீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள் காளியாயி. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நெடி இல்லை என்று சொல்லவேண்டுமானால் வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் இருமல் வந்துவிடும். சட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்தது, கண்ணீர் தாடையில் சொட்டியது.

"அடியே, இருமித் தொலையேன், உசுரு போயிரப் போகுது" என்று வெளியிலிருந்து கத்தினான் அவள் புருஷன் அழகன்.

எதிரே உட்கார்ந்திருந்த மீனம்மா, வஞ்சனையில்லாமல் இருமிக்கொண்டே கேட்டாள். "இன்னொண்ணு போடட்டுமா தங்கச்சி?"

காளியாயியின் கன்னங்கள் உப்பின. தோள் ஒருமுறை குலுங்கியது. மீனம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பால் புரையேறிய பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, இடது கையால் அவள் முதுகை மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். வலது கையில், தணலுக்கு நேர்மேலே, அடுத்த மஞ்சள் காய்.