துலக்காத இடது பக்கம்

...‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தாயிற்று, இனி அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டால் வரவேற்பில் இருக்கும் பெண் என்ன நினைப்பாள், கர்ப்பமா என்று கேட்டால் அதற்குக்கூட பதில் தெரியாதவளா என்றா... தெரியும், மூன்று மாதம் முடிந்து ஒன்பது நாள். போன தடவை எட்டாவது வாரமே எல்லோரிடமும் சொல்லி, பத்தாவது வாரம் குளியலறையில்... வேண்டாம், அது இப்போது எதற்கு. சொன்னதால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் மனதில் போட்டுக்கொண்டாள், இந்தத் தடவை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கணவரிடம்கூட மூச்சு விடவில்லை, பல்வலி என்றுதான் கூட்டிவந்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்பு துப்பியபோது வாஷ்பேசினில் சிவப்பாக ஒரு கோடு, வாயில் வந்த ரத்தம்தான், வேறெங்கும் இல்லை, புத்திக்குத் தெரிகிறது, ஆனாலும் தண்ணீர்கூட ஊற்றாமல் வெளியே ஓடிவந்துவிட்டாள். அன்றிலிருந்து இடது பக்கம் பிரஷ் படவே விடவில்லை. படாவிட்டால் வராது, வராவிட்டால் ஒன்றும் ஆகாது... இது என்ன நியாயம்? ஈறு பொதபொதவென்று வீங்கி, தையற்கூடத்தில் நூலைக் கடித்து அறுக்க முடியாமல் கத்தரிக்கோலைத் தேடினால் பக்கத்து மிஷின் அக்கா விடுவாளா, “என்னடி, பல்லுக்கு லீவு குடுத்துட்டியா?” என்றாள், இவள் வாயைத் திறக்காமல் சிரித்து வைத்தாள்.

உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு இழுத்து, “ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?” என்கிறார் பல் டாக்டரம்மா, கை தானாக வயிற்றுக்குப் போகிறது, சொன்னால்... சொன்னதும் போய்விட்டால்... சொல்லாமல் இருந்து அதற்கு ஏதாவது...

“டாக்டர், நான் தப்பா டிக் போட்டுட்டேன்.”

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். “எத்தனை மாசம்மா?”

“மூணு முடிஞ்சுது.”

“இதைச் சொல்றதுக்கா இப்படி வேர்க்குது? படம் இப்ப வேணாம், சுத்தம் பண்ணாலே போதும். இந்த மாசங்கள்ல ஈறு தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கும். ரத்தம் வருதுன்னு துலக்காம விட்டீங்கன்னா இன்னும் வீங்கும். வாந்தி வந்தா மட்டும் உடனே துலக்காதீங்க, தண்ணில கொப்பளிச்சிட்டு அரை மணி போகட்டும். பிரஷ் எப்படி, கெட்டியா, மெத்துனு இருக்குமா?”

“மெத்துனுதான்... பச்சை கலர்...”

பச்சையா? கடையில் அவள் எடுப்பது எப்போதும் கெட்டியானது, சிவப்பு, இந்தப் பச்சை எப்போது வந்து கோப்பையில் நின்றது, கைக்கு வந்ததை எடுத்து வலது பக்கம் மட்டும் தேய்த்துவிட்டு ஓடினாளே, பார்த்தாளா... வீட்டில் இருப்பது இரண்டே பேர். அப்படியானால் அவரும் வாஷ்பேசினில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் பிரஷை மட்டும் மாற்றி வைத்து, கேட்டால் போய்விடும் என்று பயந்து, அவரும் நாட்களை எண்ணிக்கொண்டுதானா...

“இன்னும் கொஞ்சம் நல்லா திறங்கம்மா,” என்றார் டாக்டரம்மா.